உதைபந்தாட்ட வீரரின் வயது

இளைஞருக்கான உலகக் கிண்ணப் போட்டிகள் நடைபெறும் காலங்களில் உதைபந்தாட்ட இரசிகரிடையே ஒரு வழக்கு எழுவதுண்டு. நைஜீரியாவோ கானாவோ மாலியோ ஐரோப்பிய அணியொன்றை மூன்று நான்கு கோல்களால் வென்றுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். "இவர்களா பதினேழு வயதுக்குட்பட்டவர்கள்? வீட்டில் இவர்களுக்கே பிள்ளைகள் இருப்பார்களே!" என்று ஒரு சாரார் நகைப்பர். "தோற்றவன் சொல்லும் சாட்டு இது. கறுப்பு நிறத்தவன் வென்றால் உங்களுக்குப் பொறுக்காதோ?" என்று மறுசாரார் சீறுவர். நாற்பது ஆண்டுகளாக இவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை. இரு சாராரிடமும் ஓரளவு உண்மை இருப்பதே அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நேயர்களே, அவ்வுண்மை யாது, எவ்வளவு என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலிற் குற்றஞ்சாட்டுவோரின் கட்சியைக் கேட்போம். பீபா எனப்படும் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 1985ஆம் ஆண்டிற் சீனாவிலே பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான முதலாவது உலகப் போட்டியை நடத்திற்று. அதன் இறுதியாட்டத்தில் நைஜீரியா மேற்கு ஜேர்மனியை 2-0 என்ற கணக்கில் வென்றது. பீபாவின் உலகக் கிண்ணம் ஒன்று ஆபிரிக்கக் கண்டத்துக்குச் சென்றது அதுவே முதல் தடவை. 1991இல் வயதெல்லை பதினேழாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டிலும் 1995இலும் கானா வென்றது. 1993, 2007, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் நைஜீரியா மீண்டும் வென்றது. பிறேசிலே நான்கு முறைதான் வென்றிருக்கும் இப்போட்டியில் நைஜீரியாவுக்கு ஐந்து வெற்றிகள்! ஆயின், வளர்ந்தோருக்கான உலகக் கிண்ணத்தைப் பாருங்கள். 1990இற் கமரூனும், 2002இற் செனகலும், 2010இற் கானாவும் காலிறுதியோடு நின்றுவிட்டன. அரையிறுதியை எட்டிய முதல் ஆபிரிக்க நாடு மொறொக்கோ, அதுவும் 2022இலேதான். பதினாறு வயதில் உலகை வென்ற பிள்ளைகள் இருபத்தாறு வயதில் எங்கே போய்விட்டார்கள்? அவர்கள் அன்றே இருபதைத் தாண்டியவர்கள். கடதாசி இருபத்தாறு என்று சொல்லும்போது கால்கள் முப்பதைக் கடந்துவிட்டன. இதுவே குற்றஞ்சாட்டுவோரின் கணக்கு.

இக்கணக்கு வெறும் பொறாமையிற் பிறந்ததன்று. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் போட்டிக்கு நைஜீரியா அனுப்பிய அணியிற் சிலருக்குக் குறிக்கப்பட்ட பிறந்த திகதிகள், அவர்களே முன்னர் இளைஞர் போட்டிகளில் ஆடியபோது கொடுக்கப்பட்ட திகதிகளோடு பொருந்தவில்லை. ஒருவன் இரண்டு திகதிகளிற் பிறக்க முடியாதல்லவா? பீபா 1989இல் நைஜீரியாவின் இளைஞர் அணிகளைச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஈராண்டு விலக்கிவைத்தது. 1991இல் அந்நாட்டில் நடைபெறவிருந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியும் போர்த்துக்கல்லுக்கு மாற்றப்பட்டது. ஒரு காலத்தில் நைஜீரிய உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைமையில் இருந்த ஒருவர், இளைஞர் போட்டிகளில் வயது கூடியோரை ஆடவிடும் வழக்கம் உண்டென்று 2010இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆகவே, மோசடி நடந்ததில்லை என்று மறுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறார்.

ஆனால், இது ஆபிரிக்கருக்கே உரிய குற்றம் என்பவரும் கண்ணை மூடிக்கொண்டவரே. வயது மோசடிக்கு மிகப் பெரிய தண்டனைகளுள் ஒன்றை அனுபவித்த நாடு மெக்சிக்கோ. இருபது வயதுக்குட்பட்டோருக்கான பிராந்தியப் போட்டியில் வயது கடந்த நால்வரை அந்நாடு ஆடவிட்டது. அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் தானே வெளியிட்ட ஆண்டு மலரில் அவ்வீரரின் உண்மையான பிறந்த திகதிகள் அச்சாகியிருந்தன! மெக்சிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் அதைக் கண்டு எழுத, வேடம் கலைந்தது. 1988இல் மெக்சிக்கோவின் எல்லா அணிகளையும் பீபா ஈராண்டு தடைசெய்தது. சியோல் ஒலிம்பிக் போட்டியும் 1990ஆம் ஆண்டு உலகக் கிண்ணமும் அந்நாட்டுக்கு இல்லாமற் போயின. பிறேசிலிலும் இத்தகைய கதைகள் உண்டு. இத்தாலியின் கியேவோ கழகத்தில் எரிபெர்த்தோ என்ற பெயரில் ஆடிப் புகழ்பெற்ற பிறேசில் வீரர், தம் பெயர் லூசியானோ என்றும், தமக்கு நான்கு வயது அதிகம் என்றும் 2002இல் தாமே முன்வந்து கூறினார். பிறருடைய பெயரைச் சுமந்து திரிய அவரால் அதற்குமேல் முடியவில்லை. இவ்வளவும் நடந்த பின்னரும், பிறேசில் சிறுவரின் முகத்தைப் பார்த்து எவரும் வயதை எண்ணுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இனி, வயது எவ்வாறு மாறுகிறது என்று பார்ப்போம். நம் வீடுகளிற் பிள்ளை பிறந்தால், நாழிகை வினாடிவரை குறித்துச் சாதகம் எழுதுவிப்பது பழைய வழக்கம். பதிவாளரிடம் பெற்ற பிறப்பு அத்தாட்சிப் பத்திரமின்றிப் பாடசாலைப் படலையைத் தாண்டுவதும் எளிதன்று. ஆதலின், தன் பிறந்த நாளை அறியாத மனிதனை நாம் கற்பனை செய்வதே கடினம். ஆயினும், உலகம் முழுவதும் அப்படியன்று. ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவருள் ஏறத்தாழ 15 கோடிப் பேரின் பிறப்புப் பதியப்படவில்லை என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் 2024இல் அறிவித்தது. அவர்களுள் 9 கோடிப் பேர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் வாழ்பவர்கள். எதியோப்பியா போன்ற பெருநாட்டில் நாடளாவிய குடிசார் பதிவு முறை தொடங்கியதே 2016இலேதான்.

பதிவில்லாத பிள்ளைக்குப் பத்திரம் தேவைப்படும் நாள் ஒன்று வரும். அன்று தந்தையோ மாமனோ நீதிமன்றத்துக்குச் சென்று, இவன் இன்ன ஆண்டிற் பிறந்தவன் என்று சத்தியம் செய்வார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நாடுகளில் நீதிபதியின் தீர்ப்பே பிறப்புப் பத்திரத்தின் இடத்தைப் பெறும். நைஜீரியாவிற் சத்தியக் கடதாசி போதும். இதில் இழிவு ஒன்றுமில்லை. நம் நாட்டிலும் பதிவற்றவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கவே இருக்கிறது. ஆனால், பத்திரம் எழுதப்படும் நாளிற் பையன் நல்ல உதைபந்தாட்டக்காரன் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகும்? எழுதுவோரின் கை சிறிது நடுங்கும்; இரண்டு மூன்று ஆண்டுகள் குறையும். மேற்கு ஆபிரிக்காவிலே 'உதைபந்தாட்ட வயது' என்றே ஒரு சொல் வழங்குகிறது. தாய் அறிந்த வயது ஒன்று. ஆட்ட வயது மற்றொன்று.

அவ்விரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பெரு விலை உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத ஆட்டக்காரரை நாடு விட்டு நாடு விற்பதைப் பீபா 2001 முதல், சில விதிவிலக்குகளோடு, தடைசெய்திருக்கிறது. எனவே, ஐரோப்பியக் கழகங்களின் கண் பதினெட்டிலும் பத்தொன்பதிலும் நிற்கும் இளைஞர் மீதே விழுகிறது. அதே திறமையுள்ள இருபத்துமூன்று வயதினனை அவர்கள் திரும்பியும் பாரார்; வளர்வதற்கு இனி என்ன இருக்கிறது என்பார்கள். ஒரு குடும்பம் முழுவதும் ஒரு பையனின் காலை நம்பியிருக்கும் இடத்தில், தரகர் வந்து 'ஒரு சிறு திருத்தம்' என்றால் மறுக்கும் தந்தையர் எத்தனை பேர்? வெறுங்கடதாசியைப் பொன்னாக்கும் சந்தை ஐரோப்பாவில் இருக்கிறது. பழி மட்டும் ஆபிரிக்காவில் விழுகிறது.

இரசிகர் செய்யும் பெரும் பிழை, முகத்தைப் பார்த்து வயது சொல்வது. பாடசாலையொன்றிலே பதினைந்து வயது மாணவரைக் காலை வணக்கத்துக்கு வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பி, தோள் விரிந்திருக்கும். அடுத்தவனுக்குக் குரலே உடைந்திராது. இருவர் பத்திரங்களிலும் ஒரே ஆண்டே இருக்கும். சில வேளைகளில் ஒரே மாதம் இருப்பதும் உண்டு. அப்பத்திரங்களைப் பல்லாண்டு கையாண்ட நானே, முகத்தை மட்டும் பார்த்து வகுப்பைச் சொல்லத் துணியேன். அன்றியும், பயிற்றுநர் தேர்ந்தெடுப்பது எந்நாட்டிலும் முன்னதாக வளர்ந்தவனையே. ஐரோப்பிய இளைஞர் அணிகளிலே சனவரி, பெப்ரவரி மாதங்களிற் பிறந்தோர் மிகுதியாகவும், ஆண்டின் இறுதியிற் பிறந்தோர் குறைவாகவும் இருப்பதை ஆராய்ச்சியாளர் பலமுறை காட்டியிருக்கின்றனர்.

அப்படியானால் வயதை அறிய வழியே இல்லையோ? ஒரு வழி உண்டு. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மணிக்கட்டின் அருகே, முழங்கையிலிருந்து வரும் ஆரை என்பின் முனையிலே, வளரும் பருவத்தில் ஒரு குருத்தென்புத் தட்டு இருக்கும். வளர்ச்சி முடியும்போது அது என்போடு ஒன்றாகிவிடும். எக்ஸ் கதிரைக் காரணமின்றிச் சிறுவர் மீது பாய்ச்சுவது முறையன்று என்பதால், எம்.ஆர்.ஐ. என்று வைத்தியசாலைகளில் வழங்கும் காந்தப் பரிவுப் படத்தைப் பீபாவின் வைத்தியர்கள் நாடினர். சுவிற்சர்லாந்து, மலேசியா, அல்ஜீரியா, ஆர்ஜென்டீனா ஆகிய நாடுகளில் பதினான்கு முதற் பத்தொன்பது வயது வரையிலான 496 பேரைப் படம் எடுத்து, தட்டு ஒன்றாகும் நிலையை ஆறு படிகளாக வகுத்தனர். ஆறாவது படி முற்றாக ஒன்றிய நிலை. பதினாறு வயதினருள் அந்நிலையை எய்தியவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆகவே, தட்டு முற்றாக ஒன்றியிருந்தால் அவன் பதினேழைத் தாண்டியவன் என்று பெரும்பாலும் துணியலாம். 2009இல் நைஜீரியாவிலே நடைபெற்ற பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் இச்சோதனை நடைமுறைக்கு வந்தது.

ஆனால், இதன் மறுதலை உண்மையன்று. தட்டு ஒன்றாகவில்லை என்பதனால் அவன் பதினேழுக்குட்பட்டவன் என்று ஆகாது. பத்தொன்பது வயதிலும் தட்டு ஒன்றாகாதவர் பலர் உளர். அவர்கள் இவ்வலையின் கண்ணூடே தப்பிவிடுவர். மறுபுறத்தில், உண்மையாகவே பதினாறு வயதான, உடல் முந்தி முதிர்ந்த அந்த ஆயிரத்தில் ஒரு சிலர் குற்றமின்றியே வெளியேற்றப்படுவர். பெண்பிள்ளைகளுக்கு என்பு முன்னதாகவே ஒன்றிவிடுவதால், இச்சோதனை அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. வைத்தியர் அறிவது என்பின் நிலையை, பிறந்த நாளையன்று.

இச்சோதனை வந்த பின் நிகழ்ந்தது யாது? 2009ஆம் ஆண்டுப் போட்டிக்கு முன் நைஜீரியா தன் அணியிலிருந்து பலரை நீக்கிற்று. ஆயினும் இறுதியாட்டம் வரை சென்று, சுவிற்சர்லாந்திடம் ஒரே ஒரு கோலினால் தோற்றது. பின்னர் 2013இலும் 2015இலும் கிண்ணத்தையே வென்றது. 2015ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் அதற்கு எதிரே நின்ற அணியும் ஆபிரிக்காவின் மாலியே. வெற்றியெல்லாம் மோசடியே என்றவர் இதற்கு விடை சொல்லவேண்டும். 2015இற் பத்துக் கோல்கள் அடித்த விக்டர் ஒசிமென் மறைந்தா போனார்? 2023இல் நாப்போலி கழகம் இத்தாலியின் சம்பியனானபோது அந்நாட்டுப் போட்டியில் அதிக கோல் அடித்தவர் அவரே. இளமையில் ஒளிர்ந்து பின்னர் மங்குவது எந்நாட்டிலும் உண்டு. 2001இல் இதே போட்டியின் தலைசிறந்த வீரராகத் தெரிவான பிரான்சு நாட்டுச் சினாமா பொங்கோல், வளர்ந்தோரின் தேசிய அணிக்காக ஒரே ஒரு முறைதான் ஆடினார். அவருடைய வயதை எவரும் ஐயுறவில்லை. 1991இல் அவ்விருதைப் பெற்ற கானாவின் நீ லாம்ப்தே மங்கியதற்குக் காரணம் வேறு. பள்ளிப்படிப்பு இல்லாமையால், தாம் கையொப்பமிட்ட ஒப்பந்தங்களைத் தம்மால் வாசிக்க இயலவில்லை என்று அவரே பின்னாளிற் சொல்லியிருக்கிறார்.

ஐயம் பரவிவிட்டால் அது குற்றமற்றவரையும் சுடும். கமரூனிற் பிறந்த யோசேப் மினாலா, 2014இல் இத்தாலியின் லாசியோ கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது அவருக்கு வயது பதினேழு. அவர் நாற்பத்திரண்டு வயதினர் என்றொரு செய்தி உலகெங்கும் சிரிப்போடு பரவிற்று. இத்தாலிய உதைபந்தாட்டச் சங்கம் விசாரித்து, குற்றமில்லையென்று கோப்பை மூடியது. ஆனால், அத்தீர்ப்பை அறிந்தவர் சிலர், நகைத்தவர் பலர்.

குற்றம் உண்மையாயிருந்த இடத்திலும் குற்றவாளி யார் என்பது எப்போதும் தெளிவன்று. கொங்கோ நாட்டவரான சைலஸ், ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் கழகத்தில் வமங்கித்துக்கா என்ற குடும்பப் பெயரோடு ஆடிவந்தார். அது தம் உண்மையான பெயரன்று, தாம் 1999இலன்றி 1998இற் பிறந்தவர் என்று 2021இல் அவர் வெளியிட்டார். பெயரையும் ஆண்டையும் மாற்றியவர் அவருடைய முன்னாள் தரகர் என்றும், சைலஸ் அவருடைய பிடிக்குள் அச்சத்தோடு வாழ்ந்தார் என்றும் கழகம் அறிவித்தது. குறைந்தது ஓராண்டே! அந்த ஓராண்டுப் பொய் தரகனின் கையிலிருக்கும் கயிறாகிவிடுகிறது. 'சொல்லிவிடுவேன்' என்ற ஒரு சொல்லால் அவன் எதையும் சாதிக்கலாம். ஜேர்மன் சங்கம் சைலசுக்கு மூன்று மாதத் தடையும் தண்டப் பணமும் விதித்தது. பின்னர் அவர் தம் சொந்தப் பெயரில் அதே கழகத்துக்குத் திரும்பினார்.

இவ்வழக்கில் எவர் வாயிலும் வராத ஒரு சாரார் இன்னும் உளர். இருபது வயதினன் பதினாறு என்று சொல்லி அணியிற் சேரும்போது, உண்மையாகவே பதினாறு வயதான அவனுடைய நாட்டுப் பையன் ஒருவன் வெளியே நிற்கிறான். தோற்ற ஐரோப்பியனுக்கு ஓர் ஆட்டம் போயிற்று. இவனுக்கோ வாழ்நாள் வாய்ப்பே போயிற்று. அவனைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை, ஏனெனில் அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

2023 சனவரியில் அப்பையன்களுக்கு ஒரு கதவு திறந்தது. மத்திய ஆபிரிக்கத் தகுதிகாண் போட்டிக்குக் கமரூன் சேர்த்துவைத்திருந்த முப்பது சிறுவருக்கும் மணிக்கட்டுப் படம் எடுக்கப்பட்டது. சங்கத்தின் தலைவராயிருந்தவர், ஒரு காலத்தில் ஆபிரிக்காவின் தலைசிறந்த ஆட்டக்காரராய் விளங்கிய சாமுவேல் எத்தோ. முப்பதுபேருள் இருபத்தொருவர் தேறவில்லை. போட்டி தொடங்கச் சில நாட்களே இருந்தன. இருபத்தொருவரையும் விலக்கி, அவ்விடங்களுக்கு வேறு பையன்களை அவசர அவசரமாகத் தேடினார்கள். அவ்வாறு திரட்டப்பட்ட அணி தகுதிகாண் போட்டியைக் கடந்து, அவ்வாண்டு அல்ஜீரியாவில் நடைபெற்ற ஆபிரிக்கக் கிண்ணப் போட்டிக்கும் சென்றது. அங்கே மாலியும் புர்க்கினா பாசோவும் இருந்த பிரிவில் ஆடி, முதற் சுற்றோடு நாடு திரும்பியது.