கூண்டு ஏறாத மழை

மழை என்றதும் நம் கரை வியாபாரிகள் முதலில் கேட்பது, "பாம்பனில் எத்தனையாம் நம்பர் கூண்டு?" என்பதுதான். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதிலிருந்து நமக்குள் ஊறிய பயம் அது.

ஆனால் 2024 நவம்பர் 20 அன்று எந்தப் புயலும் கரை கடக்கவில்லை. ஆயினும் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாவட்டத்தின் ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி! தங்கச்சிமடம், பாம்பன் தெருக்களிலும் வெள்ளம்.

எப்படி? பெருங்காய டப்பாவில் வைத்த பொருளுக்கு அதன் வாசம் ஏறுவதுபோல, காற்றும் தங்கிய இடத்தின் குணத்தைப் பெறும். இதைக் காற்றுத்திரள் என்பர். வடக்கே வறண்டு புறப்படும் வாடை, வங்கக் கடலைத் தாண்டும்போது ஈரத்தைச் சுமந்துகொள்கிறது. குளிர்நாடுகளில் குளிர்ந்த திரளும் வெப்பத் திரளும் மோதும் எல்லைக்கு வளிமுகம் என்று பெயர். நம் கரைக்கு அது வருவதில்லை. இங்கே ஈரக்காற்றுகள் ஓரிடத்தில் குவிகின்றன. அல்லது சித்திரை வெயிலில் கடற்காற்றும் மேல்காற்றும் சந்திக்கின்றன. குவிந்த காற்று மேலே எழும்பி, 12 கிலோமீட்டருக்கும் உயர்ந்த இடிமேகமாகிறது. ஒரு மேகம் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஒரே இடத்தில் மேகத்தின் பின் மேகமாக எழுந்தால்தான் ஊர் மூழ்குகிறது.

புயல் பல நாள் கடலில் வளர்ந்து வருவது. கூண்டு ஏற்ற நேரமுண்டு. இடிமேகம் தருவது சில மணி நேரமே. கூண்டு ஏறவில்லையே என்று சீனி மூடைகளைத் தரையில் விட்டு, மறுநாள் பாகைக் கூட்டித் தள்ளியவன் நான்.

ஆகவே ஐப்பசி பிறக்குமுன் கிட்டங்கியில் மரச்சட்டம் போட்டு, மூடைகளைச் சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். சீனி, உப்பு, வெல்லம், வற்றல் மேலடுக்கில் இருக்கட்டும். வானிலைத் துறை மூன்று மணி நேரத்துக்கென மாவட்டவாரியாகத் தரும் இடிமழை அறிவிப்பைக் கைபேசியில் கவனியுங்கள். திடீரென்று குளிர்காற்று வீசினால் மழை வாசலில் நிற்கிறது என்று பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் இடி ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. மின்தராசு, குளிர்பெட்டிகளின் இணைப்பை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். தீ விபத்துக் காப்பீட்டில் புயலும் வெள்ளமும் சேர்ந்துள்ளனவா என்று பத்திரத்தை இன்றே பாருங்கள்.

வானத்தை நாம் தடுக்க முடியாது. மூடையைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்துவது நம் கையில்தான் இருக்கிறது.