விழிப்பு மருந்தாகுமா?

உணவும் உறக்கமும் ஒழுங்காக இருந்தால் உடம்பு ஒழுங்காக இருக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது உண்மையே. ஓர் இரவு கண் விழித்தால் மறுநாள் தலை கனக்கிறது. சிறு சொல்லுக்கும் சினம் மூளுகிறது. படித்தது மனத்தில் நிற்பதில்லை. தேர்வுக் காலத்தில் இதை அனுபவித்து அறியாத மாணவர் இரார். அப்படியிருக்க, உறங்காமல் விழித்திருப்பதையே ஒரு நோய்க்கு மருந்தாக மருத்துவர்கள் கையாண்டு வருகிறார்கள் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அந்த நோய் மனச்சோர்வு நோய். அந்தச் சிகிச்சையைப் பற்றி உங்களுக்குச் சிறிது எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், மனச்சோர்வு நோய் இன்னது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தேர்வில் தோற்றவன் வருந்துவதும், உற்றாரை இழந்தவர் அழுவதும் இயற்கை. அந்தத் துயரம் நாளடைவில் ஆறும். மனச்சோர்வு நோயோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கிறது. எதிலும் நாட்டம் இல்லை, பசி இல்லை, எழுந்து நடப்பதே பெரும் பாரமாகிறது. 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் ஓயாமல் அரிக்கிறது. சிலர் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிகிறார்கள். இந்த நோயாளிகள் பலரிடம் ஒரு விந்தையைக் காணலாம். விடியற்காலையில் அவர்கள் துன்பம் உச்சத்தில் இருக்கும். பொழுது சாயச் சாய அது சற்றே தணியும். மறுநாள் கண் விழிக்கும்போது பழைய பாரம் மீண்டும் நெஞ்சில் ஏறி அமர்ந்திருக்கும். இரவில் உறங்கியதற்கும் காலையில் வந்த துயரத்திற்கும் ஏதேனும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

இந்த எண்ணம் புதியதன்று. ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்தில் வாழ்ந்த ஹைன்ரோத் என்ற மருத்துவர் 1818-இல் வெளியிட்ட மனநோய் நூலிலேயே, சோர்வுற்றோரை உறங்காமல் இருக்கச் செய்வது பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். பின்னர் நெடுங்காலம் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1959-இல் அந்நாட்டு மருத்துவரான ஷுல்ட்டே என்பவர், தற்செயலாக ஓர் இரவு விழித்திருந்தபின் சோர்வு நீங்கியவர்களைப் பற்றி எடுத்துரைத்தார். மனம் சோர்ந்தபோதெல்லாம் இரவு முழுவதும் சைக்கிளில் சுற்றிவிட்டு, மறுநாள் மனம் தெளிந்ததாக ஒரு பெண்மணி கூறிய செய்தியும் இந்த வரலாற்றில் சொல்லப்படுகிறது. டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ப்ஃளுக், டோலே என்ற இருவர் இதை முறையாக ஆராய்ந்து, 1971-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு நோயாளியின் சொல்லை மருத்துவர்கள் அலட்சியம் செய்யாமல் காது கொடுத்துக் கேட்டதன் பயன் இது.

சிகிச்சை முறை எளிதானது. காலையில் எழுந்த நோயாளி அன்று பகலும், அன்றிரவும், மறுநாள் பகலும் விழித்திருக்க வேண்டும். ஏறக்குறைய 36 மணி நேரம். மருத்துவமனையில் தாதிமார் துணையிருப்பார்கள். பேச்சு, விளையாட்டு, நடை என்று பொழுது கழியும். பின்னிரவு வந்ததும் சிலருக்கு மாறுதல் தொடங்குகிறது. சிலருக்கு மறுநாள் பகலில் தெரிகிறது. வாரக்கணக்கில் வாய் திறவாதவர் பேசுகிறார். உணவைக் கேட்டு வாங்கி உண்கிறார். மனச்சோர்வுக்கு வழங்கும் மாத்திரைகள் பலன் தர 2 வாரமோ அதற்கு மேலோ ஆகும். இங்கே ஒரே இரவில் பலன் கிடைக்கிறது!

ஆனால் ஒரு குறை உண்டு. அந்த மனிதர் அடுத்த இரவு அயர்ந்து உறங்கி எழுந்தால், பெரும்பாலும் சோர்வு திரும்பிவிடுகிறது. சிலருக்குப் பகலில் கண்ணயர்ந்த சிறு தூக்கமே போதும். கிடைத்த தெளிவு கலைந்துவிடும். 1990-இல் வூ, பன்னி என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1,700-க்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். பலன் பெற்றவர்களுள் மருந்து உட்கொள்ளாதவர்களில் நூற்றுக்கு 83 பேர், ஓர் இரவு உறங்கியதும் பழைய நிலையை அடைந்தார்கள். 2017-இல் 66 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இச்சிகிச்சை குணம் தருவதாகத் தெரிந்தது.

இதில் ஓர் இடர்ப்பாட்டையும் விஞ்ஞான மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு மாத்திரையைச் சோதிக்கும்போது, சிலருக்கு உண்மை மாத்திரையும் சிலருக்குப் போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிடலாம். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தாம் விழித்திருந்தோமா, உறங்கினோமா என்பதை ஒருவருக்குத் தெரியாமல் மறைக்க முடியுமா? ஆகவே, நம்பிக்கையால் வந்த பலன் எவ்வளவு, விழிப்பால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கடினம்.

விழிப்பு எப்படி வேலை செய்கிறது? விடை இன்னும் முழுமை பெறவில்லை. நாம் விழித்திருக்கும் நேரம் கூடக் கூட, உறக்கத்தின் தேவை உடலில் ஏறிக்கொண்டே போகிறது. இதனோடு பகலிரவைக் கணக்கிடும் உடற்கடிகாரமும் சேர்ந்து நம் உறக்கத்தை ஆள்கிறது என்று ஸூரிக் நகரத்து போர்பேலி 1982-இல் விளக்கினார். மனச்சோர்வு நோயாளிகளிடம் அந்தத் தேவை போதிய அளவு சேர்வதில்லை என்பதும், நீண்ட விழிப்பு அந்தக் குறையை ஈடு செய்கிறது என்பதும் ஒரு கொள்கை. விழித்திருக்கையில் மூளையில் சேரும் பொருள்களுள் அடினோசின் ஒன்று. காப்பி நம் தூக்கத்தை விரட்டுவது, இந்த அடினோசினின் வேலையைத் தடுப்பதனால்தான். 2013-இல் எலிகளைக் கொண்டு செய்த சோதனையில், விழிப்பின் பலனுக்கு அடினோசின் இன்றியமையாதது என்று கண்டார்கள். எலியின் மூளையில் கண்டது மனிதனுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை மேலும் ஆராய வேண்டும்.

கிடைத்த பலனைக் காப்பதற்கும் வழிகள் தேடியிருக்கிறார்கள். மிலான் நகரத்தில் பெனடெட்டியும் அவருடைய கூட்டாளிகளும் விழிப்போடு லித்தியம் என்ற மருந்தையும், காலையில் பிரகாசமான விளக்கொளியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றொரு முறையில், விழித்த இரவுக்கு மறுநாள் மாலை 5 மணிக்கு உறங்கச் செய்து நள்ளிரவில் எழுப்புகிறார்கள். பிறகு நாளுக்கு ஒரு மணி நேரமாக உறக்க வேளையைத் தள்ளி, ஒரு வாரத்தில் வழக்கமான நேரத்திற்குக் கொண்டுவருகிறார்கள்.

'அப்படியானால் நானும் விழித்துப் பார்க்கலாமே' என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அழகிய மலர்ச்செடியான டிஜிட்டாலிஸ், அளவறிந்த மருத்துவர் கையில் இதய நோய்க்கு மருந்து. அளவு மீறினால் நஞ்சு. விழிப்பும் அத்தகையதே. காக்காய் வலிப்பு உள்ளவர்களுக்கு உறக்கமின்மை வலிப்பைத் தூண்டும். சோர்வும் வெறியும் மாறி மாறி வரும் நோயுடையோர் சிலருக்கு, விழிப்பு அளவு கடந்த வெறியை மூட்டிவிடும். உடல்நலம் உள்ளவர்களுக்கோ தொடர்ந்த உறக்கக் குறைவு மனச்சோர்வையே வரவழைக்கக்கூடும். மருத்துவர் கண்காணிப்பில் ஓர் இரவு விழிப்பது வேறு. நாள்தோறும் உறக்கத்தைக் களவாடுவது வேறு. உங்களுக்கோ உங்கள் தோழருக்கோ சோர்வு நீங்காமல் நிலைத்தால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள், மருத்துவரை நாடுங்கள். இந்திய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

இந்த ஆராய்ச்சியில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு. மனச்சோர்வுற்றவரை 'சோம்பேறி' என்றும், 'மனவுறுதி இல்லாதவர்' என்றும் உலகம் ஏசுகிறது. அவரும் தம்மை அவ்வாறே ஏசிக்கொள்கிறார். சோம்பலும் கோழைத்தனமும் ஒருவருடைய இயல்பாயின், ஓர் இரவு விழிப்பில் அவை எப்படி மறையும்? ஒரு குட்டித் தூக்கத்தில் எப்படித் திரும்பும்? உடலின் இயக்கத்தில் நேர்ந்த ஒரு கோளாறுதான் அப்படி மாறக்கூடும். அந்த ஒரு பகல் தெளிவு மறுநாளே மறைந்தாலும், நோய்க்கு அடியில் பழைய மனிதர் அழியாமல் இருக்கிறார் என்பதை அது அவருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் காட்டிவிடுகிறது. அதைக் கண்ட மருத்துவர்கள்தாம், அந்தத் தெளிவை நிலைக்கச் செய்யும் வழியை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.