உருக்கும் உக்கும்: துறையிடை ஆய்வில் ஒரு சொல்லின் இடம்

பெங்களூரில் 1909ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திய அறிவியல் நிறுவனம் துறைவாரியாகப் பகுக்கப்பட்ட ஆய்வுக்குப் பெயர் பெற்றது. அதன் வளாகத்திலேயே ஜே. ஆர். டி. டாட்டாவின் முயற்சியால் 1988இல் தோன்றிய தேசிய உயராய்வு நிறுவனம், இயற்கை அறிவியலாளரும் மாந்தவியலாளரும் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து ஆராய வேண்டும் என்னும் நோக்கத்தை உடையது. இவ்விரு நிறுவனங்களையும் சார்ந்த ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் பொருள்களுள் ஒன்று தென்னிந்திய மூசை உருக்கு. மேலைநாட்டார் இதனை ‘வூட்ஸ்’ என வழங்குவர். உலோகவியல், தொல்லியல், வரலாறு ஆகிய மூன்றும் இவ்வாய்வில் பங்கு கொண்டமை வெளிப்படை. நான்காவதாக மொழியியல் எவ்விடத்தில் நிற்கிறது, எவ்விடத்தில் நிற்றல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

மூசை உருக்கின் செய்முறையை முதலில் சுருங்கக் காணலாம். பழங்கால உலைகளில் இரும்புத்தாது உருகுவதில்லை. தாதிலுள்ள கசடே உருகிக் கிட்டமாகப் பிரிய, இரும்பு கடற்பஞ்சு போன்ற திண்ணிய கட்டியாக எஞ்சும். தூய இரும்பு உருகுதற்கு 1,538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். அது பழைய துருத்திகளின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. தென்னிந்தியக் கொல்லர் இத்தடையை வேறொரு வழியில் கடந்தனர். உமி கலந்த களிமண்ணால் மூசை வனைந்து, அதனுள் இரும்புத் துண்டுகளை ஆவாரை போன்ற செடிகளின் விறகு, இலை முதலியவற்றோடு இட்டு, வாயை மண்ணால் மூடிக் கரியுலையில் நெடுநேரம் காய்ச்சினர். இரும்பு கரியை உட்கொள்ளும். கரி ஏற ஏற உருகுநிலை தாழும். இறுதியில் உள்ளிருப்பது முழுதும் உருகி நீர்மமாகும். அதனை மெல்ல ஆறவிட்டு மூசையை உடைத்தால், நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரி கலந்த சிறிய உருக்குக் கட்டி கிடைக்கும். மேற்காசியாவில் வாள் வடித்தோர் இக்கட்டிகளை நாடி வந்தனர். இன்றைய தெலங்கானாவிலுள்ள கோனசமுத்திரத்திற்குப் பாரசீக வணிகர் நேரில் வந்து கொள்முதல் செய்தமையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் சென்ற ஆங்கிலேய நிலவியலார் வாய்சி பதிவு செய்துள்ளார்.

ஐரோப்பிய ஆய்வகங்களுக்கு இப்பொருள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்று சேர்ந்தது. பம்பாயிலிருந்த மருத்துவர் எலனஸ் ஸ்காட் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த ஜார்ஜ் பியர்சன் தம் முடிவுகளை 1795இல் அரச கழகத்தின் இதழில் வெளியிட்டார். மைக்கேல் ஃபாரடே 1819இல் இதனைப் பகுத்தாய்ந்து, இதன் சிறப்புக்கு அலுமினியச் சேர்மம் காரணம் எனக் கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. கரியின் அளவும் ஆறும் வேகமும் முதன்மையானவை எனப் பின்னர்த் தெளிவுபட்டது. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிதளவு கலந்திருத்தலே வாளின்மேல் தோன்றும் அலைக்கோலத்துக்குத் துணைபுரிகிறது என்பதை வெர்ஹூவனும் அவருடைய குழுவினரும் 1990களில் காட்டினர்.

பெங்களூர் ஆய்வு இம்மரபின் தொடர்ச்சி எனினும் அதன் அமைப்பு வேறு. இந்திய அறிவியல் நிறுவனத்தின் உலோகவியல் பேராசிரியர் எஸ். ரங்கநாதன் படிக அமைப்பை ஆராய்ந்தவர். சாரதா சீனிவாசன் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியற் பௌதிகம் பயின்று, இலண்டனில் கலைவரலாற்றின்பாற் சென்று, அங்கேயே தொல்லியல் கழகத்தில் 1996இல் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர்த் தேசிய உயராய்வு நிறுவனத்தில் பேராசிரியரானார். ஆய்வு மாணவியாக இருந்த காலத்திலேயே அவர் அன்றைய தென்னார்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் மூசைச் சில்லுகளைக் கண்டெடுத்து, அவற்றில் ஒட்டியிருந்த உலோகத் துகளின் நுண்ணமைப்பிலிருந்து அது உயர்கரி உருக்கே என நிறுவினார். அக்கட்டுரை 1994இல் வெளிவந்தது. இவ்விருவரும் இணைந்து மூசை உருக்குப் பற்றி எழுதிய நூல் 2004இல் வெளியாயிற்று. 2010இல் இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில் ஜூலெஃப் உடனிணைய, வட தெலங்கானாவில் விரிவான கள ஆய்வு நடைபெற்றது. மாணவர் தொடங்கிய ஒரு கேள்வி ஆசிரியர் துறைக்குள் நுழைந்து, அங்கிருந்து பல்துறைத் திட்டமாக விரிந்தமை இதில் கருதத்தக்கது. இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் மேலிருந்து வகுக்கப்படுவனவாகவே உள்ளன; இது அவ்வாறன்று.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘வூட்ஸ்’ என்பது எம்மொழிச் சொல்? மாதிரிகள் பம்பாயிலிருந்து சென்றமையால் மராத்தியிலோ குசராத்தியிலோ அதனைத் தேடினால் கிடைக்காது. யூல், பர்னல் ஆகியோர் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி (1886), இது கன்னட ‘உக்கு’ என்பதைக் குறிக்க எழுதப்பட்ட ‘வூக்’ என்பதன் படிப்புப் பிழையாகலாம் எனக் கூறிற்று. கையெழுத்தில் ககர ஒலியைக் குறிக்கும் உரோமன் எழுத்தை வேறு இரண்டு எழுத்துகளாக அச்சுக்கோப்பவர் பிரித்துப் படித்தார் என்பது கருத்து. முதலிலுள்ள வகரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அகராதியைவிடப் பேச்சொலியே நல்ல விடை தருகிறது. திராவிட மொழிகளின் பேச்சில் சொல்முதல் உகர ஒகரங்களுக்கு முன் மெல்லிய வகர உடம்படுமெய் தோன்றும். தமிழில் ‘ஒன்று’ என்பது ‘வொண்ணு’ என ஒலிப்பதைக் கேளாதார் இலர். ஐரோப்பியச் செவிக்கு ‘உக்கு’ என்பது ‘வுக்கு’ எனப் பட்டதில் வியப்பில்லை.

கன்னட உக்கும் தமிழ் உருக்கும் ஒன்றா? பர்ரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ‘உருகு’ என்னும் வினையின்கீழ் ஒரே பதிவில் வைக்கிறது. இவ்வொப்புமை வெறும் ஒலிச்சாயலால் அமைந்ததன்று. தமிழில் மூவசையாக நிற்கும் சொல்லின் நடு உயிர் கன்னடத்தில் கெட்டு, அதனால் அடுத்த மெய்யோடு முட்டும் ரகர ழகரங்கள் அம்மெய்யாகவே திரிந்து இரட்டிக்கும். தமிழ் மருந்து கன்னடத்தில் ‘மத்து’ (தகரம் ஒலிப்புடன்), கரும்பு ‘கப்பு’ (பகரம் ஒலிப்புடன்), கழுதை ‘கத்தெ’, எருது ‘எத்து’. இரும்பைக் குறிக்கும் கன்னடச் சொல்லாகிய ‘கப்பிண’ என்பதும் தமிழ்க் ‘கரும்பொன்’ என்பதன் இணையே. எனவே உருக்கு என்பது உர்க்கு என்னும் இடைநிலை வழியாக உக்கு ஆதல் விதிக்கு முற்றும் பொருந்தும். பெங்களூரில் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் முதலிய பகுதிகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும். அங்கு வளரும் மாணவனொருவன் இவ்விதியை இலக்கண நூல் இன்றியே செவியால் உணர்ந்திருப்பான். அதற்கு ஒலியியல் விதி என்று பெயருண்டு என்பதை மட்டுமே அவன் வகுப்பறையில் கற்க வேண்டியிருக்கும்.

வேறு இரண்டு விளக்கங்களும் வழங்குகின்றன. தமிழ் ‘எஃகு’ என்பதே உக்கு ஆயிற்று என்பது ஒன்று. தமிழில் சொல்முதல் எகரம் நிற்குமிடத்தில் கன்னடத்தில் உகரம் நிற்பதற்கு முறையான இணைகள் இல்லாமையால் இது ஏற்கத்தக்கதன்று. பழந்தமிழில் எஃகு கூர்மையையும் கூரிய படைக்கலத்தையும் குறித்து வழங்கியமை வேறு செய்தி. மற்றொன்று, கன்னடத்தில் பொங்குதலைக் குறிக்கும் ‘உக்கு’ என்னும் வினையோடு உலோகப் பெயரை இணைப்பது. இன்றைய கன்னடத்தில் உருகுதற்குக் ‘கரகு’ என்பதே பெருவழக்கு. ஆதலின் கன்னடர்க்கு உலோகப் பெயரின் வேர் விளங்காது. விளங்காத சொல்லுக்கு அருகிலுள்ள சொல்லொன்றை வேராக்கிக் காட்டுவது மக்கள் இயல்பு, இதுவும் அவ்வகையினதே.

பொருள் நோக்கில் இச்சொல் தனிச்சிறப்புடையது. பல மொழிகளில் எஃகின் பெயர் அதன் பண்பால் அமைந்தது. ஆங்கில ‘ஸ்டீல்’ உறுதியாக நிற்றலைக் குறிக்கும் வேரடியினது. வடமொழித் ‘தீட்சண’ கூர்மையைச் சுட்டும். தமிழ் எஃகும் அவ்வாறே. உருக்கு மட்டும் செய்முறையால் பெயர் பெற்றது: உருக்கப்பட்டது உருக்கு. சாதாரண இரும்பு உலையில் உருகுவதில்லை என முன்னர்க் கண்டோம். ஆகவே உருகியது என்னும் பெயர் எஃகுக்கு ஏற்படுவது, எஃகு உண்மையிலேயே உருக்கிச் செய்யப்பட்ட சூழலில்தான் இயல்பாகும். மூசைச் சில்லின் நுண்ணமைப்பு எதைச் சொல்கிறதோ அதையே சொல்லின் அமைப்பும் சொல்கிறது. உலோகவியலார்க்கு மொழி தரும் மிகச் சிறந்த சான்று இதுவே எனலாம்.

ஆயின் இச்சான்றின் எல்லை குறுகியது. துறையிடை ஆய்வுகள் வழுக்குமிடமும் இதுதான். தமிழிலும் கன்னடத்திலும் சொல் உள்ளது. எனவே இவ்விரண்டும் பிரிவதற்கு முன்னரே மூசை உருக்கு இருந்தது என வாதிடுவார் உளர். இவ்வாதம் நிற்காது. பெருகு–பெருக்கு, திருந்து–திருத்து போலத் தன்வினையிலிருந்து இரட்டித்த வடிவம் ஆக்கும் முறை திராவிட மொழிகளில் மிகப் பழையது, இன்றும் உயிருள்ளது. உருக்கு என்னும் பெயர் முதலில் உருக்கப்பட்ட எதனையும் குறித்திருக்கலாம். மலையாளத்தில் எஃகும் உருக்கு. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயும் ‘உருக்கு வெளிச்செண்ண’. பொதுப்பொருள் பழையதாகவும் எஃகுப் பொருள் பிற்பட்டதாகவும் இருத்தல் கூடும். தெலுங்கு ‘உக்கு’ இன்னும் சிக்கலானது. எருதுக்குத் தெலுங்கிலும் ரகரம் கெட்டு ‘எத்து’ என ஒலிப்புடைய தகரத்தோடு வழங்குவதால், உக்கு மரபுச் சொல்லா கன்னடத்திலிருந்து வணிகத்தோடு சென்ற கடன்சொல்லா என ஒலியை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் அரிது. மூசை என்னும் சொல்லோ மூன்று மொழிகளிலும் வழங்கினும் வடமொழி ‘மூஷா’ என்பதன் திரிபு. கருவிக்குக் கடன்சொல்லும் விளைபொருளுக்குத் தாய்ச்சொல்லும் அமைந்திருப்பதைக் கொண்டு கருவி வடக்கிலிருந்து வந்தது என்று ஒருவர் முடிவு கட்டினால், அது முன்னைய வாதத்தைப் போலவே பிழையாகும். தமிழில் மூசைக்குக் ‘குகை’ என்னும் பெயரும் உண்டு.

காலத்தை மண்தான் சொல்ல வேண்டும். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் 1990 வரை தமிழ்ப் பல்கலைக்கழகம் முதன்மைப் பங்கேற்று நடத்திய அகழாய்வுகளில் வெளிப்பட்ட உலைத் தடயங்கள் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் அங்கு இரும்பு, உருக்குத் தொழில் நடந்தமைக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. மேல்சிறுவளூர்ச் சில்லுகள் மேற்பரப்பில் திரட்டப்பட்டவை. அவை செய்பொருள் இன்னதென உறுதியாகக் கூறும், செய்காலத்தை அவ்வளவு உறுதியாகக் கூறா. மொழிச்சான்று இதற்கு நேர்மாறன்று; அதுவும் செய்முறையையே கூறுகிறது, ஆண்டைக் கூறுவதில்லை. இரண்டு துறைகளின் குறைபாடும் ஒரே இடத்தில் இருக்கையில் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிரப்ப முயல்வது வட்ட வாதமாக முடியும்.

இத்திட்டங்களில் மொழியியலார்க்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் முன்னுரையில் ஒரு பத்தி. சொற்பிறப்பு அங்கே அணியாக நிற்கும், வினாவாக நிற்பதில்லை. களத்துக்குச் செல்லும் குழுவில் தொடக்கத்திலேயே மொழி மாணவர் ஒருவர் இருந்தால் பயன் வேறாகும். கிட்ட மேடுகள் வயலாகவும் வழியாகவும் கரைந்து வருகின்றன. அவற்றின் பெயர்களை அறிந்த முதியோரும் அவ்வாறே குறைகின்றனர். துருத்தியைத் தமிழர் துருத்தி என்பர், கன்னடர் ‘திதி’ என்பர், தெலுங்கர் ‘தித்தி’ என்பர். இவை அகராதியில் உள்ளவை. மூசையின் மூடிக்கும், முழுதும் உருகாது கெட்டுப்போன கட்டிக்கும், நல்ல கட்டியின் மேல்முகத்து வரிகளுக்கும் கொல்லர் வழங்கிய பெயர்களே ஆய்வுக்கு வேண்டுவன. கெட்ட கட்டிக்குத் தனிப்பெயர் இருந்த ஊரில் நல்ல கட்டி ஒழுங்காகச் செய்யப்பட்டது எனக் கொள்ள இடமுண்டு. உடைந்த மூசையை ஆய்வகத்திற்கு எடுத்துச் செல்லும் பையிலேயே அதன் பெயரை எழுதிய சீட்டும் செல்லுதல் வேண்டும். எம்மொழியார், எக்குடியார், எவ்வயதினர் கூறியது என்பதும் அச்சீட்டில் இருத்தல் வேண்டும்.

சொல் இன்றும் வழக்கொழியவில்லை. சேலத்து ஆலையைத் தமிழர் உருக்காலை என்பர். பத்ராவதி ஆலையின் கன்னடப் பெயரில் உக்கு உள்ளது. விசாகப்பட்டினத்து ஆலை தெலுங்கர்க்கு ‘விசாக உக்கு’. இம்மூன்று ஆலைகளிலும் மூசை இல்லை. ஆயின் பட்டறைத் தொழிலாளர் பேச்சில் பெரும்பாலும் ‘ஸ்டீல்’ என்பதே வழங்க, உருக்கும் உக்கும் பெயர்ப்பலகைக்கும் செய்தித்தாளுக்கும் உரியனவாகி வருகின்றன. கொல்லுலை இன்னும் எரியும் ஊர்களில் எச்சொல் எப்பொருளில் வழங்குகிறது என்பதை மூன்று மொழிப் பகுதிகளிலும் ஒரே வினாநிரலைக் கொண்டு தொகுக்கும் பணி, பெங்களூரில் இருந்து செய்தற்கு மிக எளிது. மூன்று எல்லைகளும் அந்நகரிலிருந்து ஒருநாள் பயணத் தொலைவிலேயே உள்ளன.