விளம்பரக் கணக்கும் வருகைக் கணக்கும்

சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை படிக்கப்படும்போது, அங்கத்தினர்கள் நூல் விலையையும், கூலியையும், வண்டி வாடகையையுமே கூர்ந்து கேட்பது வழக்கம். இந்நாளில் அவற்றோடு புதியதொரு செலவினமும் பல சங்கங்களின் அறிக்கையில் இடம் பெற்றிருக்கிறது. 'இணைய விளம்பரம்' என்ற தலைப்பின்கீழ் மாதந்தோறும் சில ஆயிரம் ரூபாய் எழுதப்படுகிறது. நூலுக்குக் கொடுத்த பணம் சேலையாகத் திரும்பி வருகிறது. அதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். விளம்பரத்துக்குக் கொடுத்த பணம் என்னவாகத் திரும்பி வந்தது என்று ஓர் அங்கத்தினர் எழுந்து கேட்டால், காரியதரிசி என்ன விடை கூறுவார்?

"இத்தனை ஆயிரம் பேர் விளம்பரத்தைப் பார்த்தார்கள்" என்பது விடையாகாது. கேட்டவர் அறிய விரும்புவது, எத்தனை சேலை விற்றது, எத்தனை மூட்டை மஞ்சள் போயிற்று என்பதே. அந்த விடையைத் தரவல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. விளம்பரக் கணக்கையும், நம் இணையதளத்துக்கு வந்து போவோரின் கணக்கையும் ஒன்றோடொன்று இணைத்து வைப்பதே அது. இணைப்பதற்கென்று தனிக் கட்டணம் ஏதுமில்லை. அதன் தன்மையையும், செய்முறையையும், அதில் நேரக்கூடிய பிழைகளையும் இங்கே விளக்க முற்படுகிறோம்.

இரண்டு ஏடுகள்

கூகுளில் ஒருவர் 'கைத்தறிப் பருத்திச் சேலை' என்று தேடினால், விடைகளோடு சில விளம்பரங்களும் தோன்றுகின்றன. அவை 'கூகுள் ஆட்ஸ்' என்னும் ஏற்பாட்டின் வழியே வருபவை. 2000-ஆம் ஆண்டில் 'ஆட்வேர்ட்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய இவ்வேற்பாடு, 2018-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. தேடுவோருக்குக் காட்டப்படும் இத்தகைய விளம்பரத்தை ஒருவர் விரலால் தட்டும்போதுதான் பொதுவாக நம் பணம் கழிகிறது. எந்தச் சொல்லுக்காக விளம்பரம் தோன்றியது, எத்தனை முறை தட்டப்பட்டது, அதற்கு எவ்வளவு ஆயிற்று என்பனவெல்லாம் இந்த ஏட்டில் பதிவாகும். ஆனால் தட்டியவர் நம் கடைக்குள் வந்தபின் என்ன செய்தார் என்பதை இந்த ஏடு தானாக அறியாது.

இரண்டாவது ஏடு 'கூகுள் அனலிட்டிக்ஸ்' என்பது. 2005-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் 'அர்ச்சின்' என்ற நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அவ்வாண்டிலேயே இதனை வெளியிட்டது. இணையதளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் சிறு குறியீடு ஒன்றைப் பதித்துவிட்டால், வந்தவர் எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எவ்வளவு நேரம் தங்கினார், பொருளைக் கூடையில் இட்டாரா, பணம் செலுத்தினாரா என்பவற்றை அது குறித்து வைக்கும். ஆனால் அவரை வரவழைக்க நாம் எத்தனை ரூபாய் கொடுத்தோம் என்பது இதற்குத் தெரியாது.

காசாளரிடம் ரொக்கப் புத்தகமும், கிடங்குப் பொறுப்பாளரிடம் இருப்புப் பதிவேடும் இருந்து, ஆண்டு முழுவதும் அவ்விருவரும் ஒருவரோடு ஒருவர் பேசாதிருந்தால் சங்கத்தின் நிலை என்னவாகும்? இவ்விரு ஏடுகளும் இணைக்கப்படாதிருக்கும்போது நேர்வது அதுவே.

ஓர் உதாரணம்

ஒரு நெசவாளர் சங்கம் இரண்டு விளம்பரங்களை வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதத்தில் 10,000 ரூபாய் செலவு. முதலாவது, 'சேலை' என்று பொதுவாகத் தேடுவோருக்குக் காட்டப்படுவது. அதை 2,000 முறை தட்டினார்கள்; ஒரு தட்டலுக்கு 5 ரூபாய். இரண்டாவது, சங்கம் நெய்யும் சேலை வகையின் பெயரையே சொல்லித் தேடுவோருக்குக் காட்டப்படுவது. அதை 500 முறையே தட்டினார்கள். ஒரு தட்டலுக்கு 20 ரூபாய். விளம்பர ஏட்டை மட்டும் பார்க்கும் நிர்வாகக் குழு, முதலாவதே சிக்கனமானது என்று தீர்மானித்து முழுப் பணத்தையும் அதற்கே ஒதுக்கிவிடும்.

வருகை ஏட்டை மட்டும் பார்ப்பவர் காண்பது வேறு. மாதத்தில் 29 சேலைகள் விற்றன என்று அது காட்டுகிறது. 20,000 ரூபாய்க்கு 29 சேலை என்றால், ஒரு சேலைக்கு விளம்பரச் செலவு ஏறக்குறைய 690 ரூபாய். நூல், சாயம், கூலி எல்லாம் போக ஒரு சேலையில் சங்கத்துக்கு மிஞ்சுவது 450 ரூபாய்தான் எனில், இவர் விளம்பரமே நஷ்டம் என்று முடிவு செய்து இரண்டையும் நிறுத்திவிடுவார்.

இரு ஏடுகளையும் இணைத்துப் பார்த்தால் உண்மை புலப்படுகிறது. முதல் விளம்பரத்தின் வழியே வந்தவர்களில் பெரும்பாலோர் சில விநாடிகளிலேயே திரும்பிவிட்டார்கள். விற்றவை 4 சேலைகளே. ஒரு சேலைக்குச் செலவு 2,500 ரூபாய். இரண்டாவதன் வழியே விற்றவை 25. ஒரு சேலைக்குச் செலவு 400 ரூபாய். முதலாவது ஒவ்வொரு சேலைக்கும் 2,050 ரூபாய் நஷ்டம். இரண்டாவது 50 ரூபாய் லாபம். முன் சொன்ன இரு தீர்மானங்களும் தவறானவை. ஒரு குழு நஷ்டத்தை வளர்த்திருக்கும். மற்றொன்று லாபத்தை அறுத்திருக்கும். தனித்தனியே பார்த்தால் இரு ஏடுகளிலும் பொய் ஏதுமில்லை. ஆயினும் சங்கம் தவறான வழியில் சென்றிருக்கும். இணைப்பின் அவசியம் இதுவே.

இணைக்கும் முறை

இணைப்பவருக்கு இரண்டு அதிகாரங்கள் வேண்டும். அனலிட்டிக்ஸில் 'எடிட்டர்' அல்லது அதற்கு மேற்பட்ட பொறுப்பும், கூகுள் ஆட்ஸில் நிர்வாகிப் பொறுப்பும் ஒரே மின்னஞ்சல் முகவரிக்கு இருத்தல் அவசியம். அதன்பின் அனலிட்டிக்ஸின் நிர்வாகப் பகுதிக்குச் சென்று, பிற சேவைகளை இணைக்கும் பட்டியலில் கூகுள் ஆட்ஸைத் தெரிந்தெடுத்து, சங்கத்தின் விளம்பரக் கணக்கைக் குறித்து உறுதி செய்ய வேண்டும். விவரங்கள் வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகலாம். உடனே தோன்றவில்லையே என்று கலங்க வேண்டுவதில்லை.

அப்போது 'ஆட்டோ டேகிங்' என்னும் வசதி இயங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். ஒருவர் விளம்பரத்தைத் தட்டும்போது, அவர் வந்தடையும் பக்கத்தின் முகவரியோடு 'ஜிகிளிட்' என்னும் நீண்ட அடையாளக் குறி ஒன்றை அது சேர்க்கிறது. மூட்டையில் கட்டி அனுப்பும் சீட்டைப் போன்றது இது. எந்த விளம்பரத்திலிருந்து வந்தவர் என்பதை இச்சீட்டைக் கொண்டே அனலிட்டிக்ஸ் அறிகிறது. சில இணையதளங்கள் வந்தவரை ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குத் தானாக மாற்றி அனுப்பும்போது இச்சீட்டு உதிர்ந்துவிடும். முகவரியின் இறுதியில் 'ஜிகிளிட்' என்ற குறியோடு ஏதேனும் சில எழுத்துகளைச் சேர்த்துப் பக்கத்தைத் திறந்து, அது நிலைத்திருக்கிறதா என்று சோதிக்கலாம். இச்சோதனைக்காக நம் விளம்பரத்தை நாமே தட்டிப் பார்த்தல் கூடாது. அதற்கும் பணம் கழியலாம்.

எதை விற்பனை என்று எண்ணுவது?

இணைத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எந்தச் செயலை நாம் பயன் என்று கருதுகிறோம் என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அனலிட்டிக்ஸில் இதற்கு 'முக்கிய நிகழ்வு' என்று பெயர். அதனைக் கூகுள் ஆட்ஸுக்கு எடுத்துச் சென்றால், அங்கே 'கன்வெர்ஷன்' என்று எண்ணப்படும். பணம் செலுத்தி முடித்தலை முதன்மையான முக்கிய நிகழ்வாகக் கொள்வதே முறை. தொகையும் உடன் பதிவாகும்படி செய்தல் வேண்டும்.

இதில் அலட்சியம் ஆகாது. எவருக்கு விளம்பரத்தைக் காட்டலாம், எவ்வளவு விலை கேட்கலாம் என்பதை இந்நாளில் பெரும்பாலும் இயந்திரமே தீர்மானிக்கிறது. நாம் எதைப் பயன் என்று சொல்லிக் கொடுத்தோமோ, அதையே அது தேடித் தரும். முகப்புப் பக்கத்தைப் பார்ப்பதையே பயன் என்று குறித்துவிட்டால், வேடிக்கை பார்ப்போரையே திரட்டி அனுப்பும். மேலும், ஒரே விற்பனையை அனலிட்டிக்ஸ் வழியாகவும் விளம்பரக் கணக்கின் சொந்தக் குறியீட்டின் வழியாகவும் எண்ணினால், ஒரு சேலை இரண்டாகத் தோன்றும். இரண்டில் ஒன்றையே முதன்மையாகக் கொள்க.

நம் வாடிக்கையாளர்களில் பலர் இணையதளத்தில் சேலையைப் பார்த்துவிட்டு, தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ பேசித்தான் வாங்குகிறார்கள். மஞ்சளை மூட்டைக் கணக்கில் வாங்கும் வியாபாரியும் அப்படியே. ஆகவே தொலைபேசி எண்ணைத் தட்டுவதையும், வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டுவதையும் தனி நிகழ்வுகளாகப் பதியும்படி அமைத்துக்கொள்வது நலம். அவற்றை விற்பனையோடு கலவாமல் 'விசாரணை' என்று வேறாகக் காண வேண்டும்.

கூகுள் அல்லாத வழிகள்

பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் விளம்பரங்களுக்கும், வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பும் செய்திகளுக்கும் மேற்கூறிய தானியங்கிச் சீட்டு இல்லை. அவற்றுக்கு நாமே சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். இதற்கு 'யு.டி.எம்.' குறிகள் பயன்படுகின்றன. அப்பெயரில் உள்ள முதலெழுத்து பழைய அர்ச்சின் நிறுவனத்தைக் குறிப்பதே. எங்கிருந்து வந்தவர், எவ்வகை வழி, எந்த விளம்பர முயற்சி என்னும் மூன்றையும் முகவரியோடு சேர்த்து எழுதினால் போதும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு முறையும், சிறிய எழுத்தில் ஒரு முறையும் எழுதினால் அவை இரு வேறு ஊர்களாகவே எண்ணப்படும். ஆதலால் சிறிய எழுத்திலேயே எழுதுவதென்று ஒரு விதியை வகுத்துக்கொள்க. கண்காட்சிக் கடையில் ஒட்டும் கியூஆர் குறியீட்டுக்கும் இம்முறை பொருந்தும்.

கணக்கு ஒத்துவராதபோது

இணைத்த பின்னரும் இரு ஏடுகளின் எண்கள் முற்றிலும் ஒத்திருக்கமாட்டா. இதைக் கண்டு எவரையும் சந்தேகிப்பதற்கு முன் காரணங்களை ஆராய வேண்டும். விளம்பரத்தைத் தட்டியவர் பக்கம் திறப்பதற்கு முன்பே திரும்பியிருக்கலாம். சிலர் தம்மைப் பற்றிய பதிவுகளைத் தடுத்து வைத்திருப்பார்கள். இரு கணக்குகளிலும் நேர மண்டலம் வேறுபட்டிருந்தால் நாட்கணக்கு மாறும். மேலும், திங்களன்று விளம்பரத்தைத் தட்டி வெள்ளியன்று ஒருவர் வாங்கினால், விளம்பர ஏடு அதனைப் பொதுவாகத் திங்கட்கிழமையில் எழுதும்; அனலிட்டிக்ஸ் வெள்ளிக்கிழமையில் எழுதும்.

பணம் செலுத்த வேறொரு நிறுவனத்தின் பக்கத்துக்குச் சென்று திரும்பும் வாடிக்கையாளரை, அந்நிறுவனமே அனுப்பி வைத்ததாக அனலிட்டிக்ஸ் எண்ணிவிடுவதும் உண்டு. அந்நிறுவனத்தின் முகவரியைத் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தால் இக்குறை நீங்கும். பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுப்பதாகச் சொல்லிப் பின்னர் திருப்பியனுப்பியவரின் சேலையும், நாம் தெரிவிக்காதவரை விற்றதாகவே அங்கே நிற்கும். ஆகையால் மாத முடிவில் இவ்விரு ஏடுகளையும் சங்கத்தின் சொந்த விற்பனைப் பதிவேட்டோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது. இறுதிச் சான்று அப்பதிவேடே.

கணக்கு யாருடையது?

செய்முறையினும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. விளம்பர வேலையை வெளியார் ஒருவரிடம் ஒப்படைக்கும் சங்கங்களில், அவர் தம் சொந்தப் பெயரிலேயே இரு கணக்குகளையும் திறந்துவிடுதல் காணப்படுகிறது. ஒப்பந்தம் முடிந்து அவர் விலகும்போது, அங்கத்தினர்களின் பணத்தால் பெற்ற அனுபவம் முழுவதும் அவரோடு போய்விடுகிறது. எந்தச் சொல்லுக்குச் சேலை விற்றது, எந்த மாதத்தில் மஞ்சளைத் தேடினார்கள் என்பவற்றைச் சங்கம் மீண்டும் பணம் கொடுத்தே கற்றுக்கொள்ள வேண்டியதாகிறது. ஆதலால் கணக்குகளைச் சங்கத்தின் மின்னஞ்சலில் திறந்து, வெளியாருக்கு வேண்டிய அனுமதியை மட்டும் வழங்குக. பொறுப்பாளர் மாறும்போது, பெட்டிச் சாவியைக் கைமாற்றுவதுபோல் இவ்வதிகாரத்தையும் எழுத்து மூலமாகக் கைமாற்றுக.

பழைய பதிவுகள் என்றும் அங்கேயே இருக்கும் என்றும் நம்பியிருத்தல் ஆகாது. அனலிட்டிக்ஸின் முந்திய வடிவம் 2023 ஜூலை 1-இல் புதிய பதிவுகளை ஏற்பதை நிறுத்தியது. மறு ஆண்டு அதன் பழைய விவரங்களும் பார்வைக்கு இல்லாமற் போயின. மாதாந்தர எண்களை ஓர் ஏட்டில் எழுதி வைத்த சங்கத்துக்கு இதனால் நஷ்டமில்லை. வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண் முதலியன பக்க முகவரிகளின் வழியே அனலிட்டிக்ஸுக்குச் செல்லாமலும் காத்தல் வேண்டும். அவ்விதியைக் கூகுளே வகுத்துள்ளது. தனிநபர் விவரங்களைக் காப்பதற்கென நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு.

நிர்வாகக் குழுவின் மாதக் கூட்டத்தில் நான்கு எண்கள் படிக்கப்பட்டால் போதும்: ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஆன செலவு, அதன் வழியே நிகழ்ந்த விற்பனை, ஒரு விற்பனைக்கு ஆன செலவு, அப்பொருளில் சங்கத்துக்கு மிஞ்சும் தொகை. இவற்றைப் புரிந்துகொள்ளக் கணினிப் பயிற்சி வேண்டுவதில்லை; பாவின் இழையை எண்ணத் தெரிந்த நம் அங்கத்தினர்களுக்கு இது கடினமன்று. விளம்பரத்தில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் ஒருவரது தறியிலிருந்தோ வயலிலிருந்தோ வந்தது. அது எங்கே சென்றது, எதைக் கொண்டுவந்தது என்று கேட்பது அவர்களது உரிமை. அடுத்த மகாசபையில் அக்கேள்வி எழும்போது, காரியதரிசி ஏட்டைப் பிரித்து விடை கூறும் நிலையில் இருத்தல் வேண்டும்.