காலமும் ஒரு முதலே: குன்றத்தூர்ப் பக்கத்து நஞ்சைச் சாகுபடியில் வேலைப் பங்கீடு

விவசாயத்திற்கு நிலம், நீர், விதை, எரு, ஆள் என்னும் ஐந்தும் வேண்டுமென்பதை யாவரும் அறிவர். இவ்வைந்தில் எது குறைந்தாலும் குடியானவர் கடன் பட்டாவது அதனை நிரப்பிக்கொள்வார். ஆறாவது முதலாகிய காலத்தை மாத்திரம் கடனாகப் பெற இயலாது. நடவுக்குரிய வாரம் கழிந்துவிட்டால், அடுத்த வாரத்தில் இரட்டிப்புக் கூலி கொடுத்தாலும் கழிந்த வாரம் திரும்பி வாராது. திருக்குறளில் உழவுக்கென்று ஓர் அதிகாரம் இருப்பதுபோலவே காலமறிதலுக்கென்றும் ஓர் அதிகாரம் இருக்கின்றது. இவ்விரண்டையும் சேர்த்துச் சிந்திப்பவரே நல்ல வேளாளர்.

வேலை மிகுதியா, நெருக்கமா?

சாகுபடிப் பருவத்தில் எந்தக் குடியானவரைக் கேட்டாலும் மூச்சு விட நேரமில்லை என்றே விடை வரும். அது பொய்யன்று. ஆயினும் ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வேறொரு விஷயம் புலப்படும். இந்திய விவசாயத்தை ஆராய அமைக்கப்பட்ட ராயல் கமிஷன், 1928-ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் அறிக்கையில், இந்நாட்டுக் குடியானவர்களுள் பெரும்பான்மையோருக்கு ஆண்டில் 2 முதல் 4 மாதங்கள் வரை வயலில் வேலையே இல்லை என்று கூறிற்று. நான்கு மாதம் ஓய்வும், எஞ்சிய மாதங்களில் தாங்க முடியாத நெருக்கடியும் ஒரே மனிதருக்கு ஒரே ஆண்டில் நேருகின்றன. ஆகையால் துன்பத்திற்குக் காரணம் வேலையின் மிகுதி மாத்திரமன்று. பல வேலைகள் ஒரே நாளில் வந்து விழுவதே பெரிய காரணமாம். அந்நெருக்கத்தைக் கலைப்பது எப்படி என்பதே இங்கு ஆராயத் தக்கது.

இப்பக்கத்தின் நிலைமை

சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், 2021-ஆம் ஆண்டில் நகராட்சியாயிற்று. அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருகின்றது. வீட்டு மனைகள் பெருகிச் சாகுபடி நிலம் சுருங்கிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் முதலிய இடங்களின் தொழிற்சாலைகள் ஆட்களை இழுத்துக்கொண்டன. நிலமுடையவருள்ளும் பலர் பகலில் வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் வயலைக் கவனிக்கின்றனர். முற்காலத்தில் வேலை பிந்தினால் பத்து ஆட்களை அதிகமாக இறக்கிச் சமாளிக்கலாம். இப்பொழுது அது கூடாது. ஆள் குறைந்த இடத்தில் முன்யோசனையே ஆளாக நிற்க வேண்டும்.

இப்பகுதியில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று போகங்கள் உண்டு. இவற்றுள் சம்பாவே வடகிழக்குப் பருவமழையின் நடுவே வளர்வது. எனவே நாள் தவறினால் நஷ்டம் அதிகமாவதும் சம்பாவிலேயே. ஆதலால் அதனையே உதாரணமாகக் கொள்வோம்.

வேலைகளை மூவகையாகப் பிரித்தல்

முதலாவது, நாள் குறித்த வேலைகள். நாற்று விடுதல், நடவு, களையெடுப்பு, மேலுரம், அறுவடை ஆகியன. இவற்றை முன்னேயும் தள்ள முடியாது. பின்னேயும் தள்ள முடியாது. பயிரின் வயதே இவற்றின் நாளை நிச்சயிக்கின்றது.

இரண்டாவது, முன்னரே முடித்து வைக்கக் கூடிய வேலைகள். வரப்புக் கட்டுதல், கால்வாயையும் வடிகாலையும் தூர் எடுத்தல், தொழுவுரம் அடித்தல், விதை முளைப்புப் பார்த்தல், தெளிப்பான் முதலிய கருவிகளைப் பழுது பார்த்தல், உரம் வாங்கி வைத்தல், சிட்டா அடங்கல் நகல் பெறுதல் ஆகியன.

மூன்றாவது, எந்நாளிலும் செய்யக் கூடியவை. கடை, சந்தை, உறவினர் வீடு, வரி செலுத்துதல் போன்றவை இவ்வகையின.

முதல் வகை வேலைக்குரிய நாளில் இரண்டாம் வகை வேலையைச் செய்ய நேர்வதே குடியானவர் படும் அவசரத்திற்கெல்லாம் மூலம். நடவு நாளன்று காலையில் வரப்பு உடைந்திருப்பதைக் கண்டு, நடவாட்களை நிறுத்தி வைத்துவிட்டு மண்வெட்டியைத் தேடுகின்றவருக்கு, அன்றையக் கூலியும் அமைதியும் ஒருங்கே நஷ்டமாகின்றன. பங்குனி முதல் ஆனி வரை வேலை குறைந்திருக்கும் நாட்களில் இரண்டாம் வகையை முடித்துவிட்டால், சம்பாவில் முதல் வகை மாத்திரமே மிஞ்சும்.

அறுவடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதல்

பெரும்பாலோர் மழை பெய்தபின் விதைப்பதைப் பற்றி நினைக்கின்றனர். இதற்கு மாறாக, அறுவடை நாளை முதலில் குறித்து அங்கிருந்து பின்னோக்கி எண்ணிவரல் வேண்டும். 135 நாள் வயதுடைய ஒரு மத்திய கால நெல்லைத் தை முதல் நாளை ஒட்டி, அதாவது ஜனவரி 14-ஆம் தேதி வாக்கில், அறுக்க விரும்புவதாகக் கொள்வோம். அப்பொழுது மழை பெரும்பாலும் ஓய்ந்து வயல் காயத் தொடங்கியிருக்கும். கணக்கு வருமாறு:

செப்டம்பர் 1 (ஆவணி நடு): நாற்றங்காலில் விதைப்பு. ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்காலும் 16 கிலோ விதையும் போதும். விதையை ஊற வைத்து முளை கட்டுவதற்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

ஆகஸ்டு 6 (ஆடி மூன்றாம் வாரம்): நடவு வயலில் தக்கைப்பூண்டு விதைப்பு, ஏக்கருக்கு 20 கிலோ. ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழியை இதற்கும் கொள்ளலாம்.

செப்டம்பர் 20: 45 நாள் வளர்ந்த தக்கைப்பூண்டை மடக்கி உழுதல்.

செப்டம்பர் 29 (புரட்டாசி நடு): நாற்று 28 நாள் வயதில் நடவு. நெல்லின் வயது எத்தனை மாதமோ அத்தனை வாரமே நாற்றின் வயது என்பது நினைவில் வைக்க எளிய கணக்கு. நாற்று முற்றினால் தூர் குறைந்துபோம்.

அக்டோபர் 14: முதற்களை எடுத்து உடனே மேலுரம். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும். அதற்குமுன் இவ்விரண்டும் முடிவதே இத்திட்டத்தின் பெரும் பயன். பெருமழைக்கு முதல் நாள் இட்ட தழைச்சத்து வாய்க்காலோடு போய்விடும்.

நவம்பர் 5 முதல் 10 வரை: கதிர் உருவாகும் தருணத்து மேலுரம். இது மழைக்கு நடுவே வருகின்றது. உரத்தை முன்னரே வாங்கி நனையாமல் வைத்திருப்பவர், மழை விட்ட ஒரே ஒரு நாளைப் பயன்படுத்திக்கொள்வார். அன்றுதான் கடைக்குப் புறப்படுகின்றவருக்கு அந்நாள் பயணத்திலேயே கழியும்.

டிசம்பர் முதல் வாரம்: அறுவடை இயந்திரத்திற்குச் சொல்லி வைத்தல். ஈரம் காயாத வயலுக்குப் பெல்ட் வைத்த இயந்திரமே வேண்டும். அது எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படும்.

ஜனவரி 4: அறுவடைக்குப் பத்து நாள் முன்பாக வயல் நீரை வடித்தல்.

ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் உடையவர் முழு நிலத்திற்கும் ஒரே நாளில் நாற்று விடலாகாது. நாற்றங்காலை இரண்டாகப் பிரித்து ஏழு நாள் இடைவெளியில் விதைத்தால், நடவும் களையும் மேலுரமும் அறுவடையும் தாமாகவே ஏழு நாள் பிரிந்து நிற்கும். பாதி ஆட்களைக் கொண்டே முழு நிலத்தையும் முடிக்கலாம்.

கணக்குக்கு அடங்காத மழை

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பெய்தது. சென்னைப் பக்கத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. அத்தகைய மழையை எந்தத் திட்டமும் தடுத்துவிடாது. எனினும் வடிகாலை ஆவணிக்குள் தூர் எடுத்திருந்தவருக்கு நீர் வடியும் நாள் குறையும். பயிர்க் காப்பீட்டைக் கெடு நாளுக்கு முன்னரே செலுத்தியவருக்கு நஷ்ட ஈடு கேட்க வழி இருக்கும். தவிர்க்க முடியாததைப் பற்றிய கவலை ஒன்று. தவிர்த்திருக்கலாமே என்னும் மனவேதனை மற்றொன்று. முன்யோசனை இரண்டாவதை முற்றிலும் நீக்கும்.

நாள்தோறும் கைக்கொள்ள வேண்டியவை

1. கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்க. தேதி, வயல், செய்த வேலை, ஆட்கள், செலவு, மழை என ஆறு பத்திகள் போதும். இரண்டு ஆண்டு எழுதியபின், எந்த வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பதை அப்புத்தகமே சொல்லும்.

2. இரவு உணவுக்குப்பின் மறுநாளைக்கு மூன்று வேலைகளை மாத்திரம் எழுதுக. பத்து எழுதி நான்கு முடிப்பதைவிட, மூன்று எழுதி மூன்றும் முடிப்பது மனத்திற்கு இதம். நாள் குறித்த வேலை முதலிடம் பெறுக.

3. ஆட்களுக்கு வேலையை முதல் நாள் மாலையே சொல்லிவிடுக. காலையில் வயல் வரப்பில் நின்று யோசிக்கும் அரை மணியை, பத்துப் பேர் கூலியால் பெருக்கிப் பார்த்தால் அதன் விலை விளங்கும்.

4. மருந்து தெளித்தலைக் காற்றடங்கிய காலையிலோ மாலையிலோ செய்க. நடுப்பகல் வெயிலை வீட்டுக் கணக்குக்கும் கருவி பழுது பார்த்தலுக்கும் ஒதுக்குக.

5. நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் அறிவிப்பைக் கேட்டபின்னரே மேலுரத்திற்கும் தெளிப்புக்கும் நாள் குறிக்க.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

குடியானவரின் காலம் வயலில் மாத்திரம் வீணாவதில்லை. ஒரு நகலுக்காக நான்கு முறை நடப்பதிலும் வீணாகின்றது. பசலி ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்குகின்றது. பயிர் நின்றிருக்கும்போதே அடங்கலில் பதிவு செய்து, வாரத்தில் ஒரு நாளை நகல்களுக்கென்றே குறித்து, அதனை அலுவலக வாசலில் எழுதி வைத்தால், ஊரார் அந்நாளில் மாத்திரம் வந்து செல்வர். காப்பீட்டிற்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்கும் அடங்கல் நகல் வேண்டியிருத்தலால், இது சிறு உபகாரமன்று.

ஏரி, வாய்க்கால் மராமத்தும் அவ்வாறே. ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்து மிகப் பழைய வழக்கம். அது தளர்ந்தபோது, 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அதற்கெனச் சட்டமே இயற்றினர். சட்டத்தைவிட வலியது, யாவருக்கும் ஏற்ற நாளைக் குறிப்பது. நடவு வாரத்தில் வாய்க்கால் வேலைக்கு அழைத்தால் எவரும் வாரார். ஏரி வற்றிய வைகாசியில் அழைத்தால் வருவர்.

ஓய்வும் வேலையின் ஒரு பகுதியே

அமாவாசையன்று ஏர் பூட்டலாகாது என்பது பல ஊர்களில் வழங்கும் மரபு. மாட்டுக்கு மாதம் ஒரு நாள் ஓய்வு தந்த முன்னோர், உழுகிறவனுக்கும் அதனைத் தந்தனர். இக்காலத்தில் டிராக்டர் ஓய்வு கேளாது. ஆகவே மனிதரும் ஓய்வை மறந்தனர். உறக்கம் கெட்டவர் உரத்தின் அளவைத் தவறவிடுவார். ஆளிடம் கடுஞ்சொல் கூறுவார். அடுத்த நாள் அந்த ஆள் வரமாட்டார். பதினைந்து நாட்களுக்கு ஒரு நாளை வீட்டாருக்கும் உறவினருக்கும் ஒதுக்கி, அதனையும் நோட்டுப் புத்தகத்தில் முன்னரே எழுதிவிடுதல் நலம்.

இவையெல்லாம் பணச் செலவில்லாத சீர்திருத்தங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும், அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணும் பழக்கமும், ஓய்ந்த மாதங்களில் கொஞ்சம் உழைப்புமே இதற்கு வேண்டியவை. வரும் சம்பாவில் ஓர் ஏக்கரிலாவது இம்முறையைக் கைக்கொண்டு பார்த்தால், விளைச்சலைக் களத்தில் அளப்பதற்கு முன்னரே, ஐப்பசி மழை பெய்யும் இரவில் நிம்மதியாக உறங்குவதிலிருந்து அதன் பயன் தெரியவரும்.