படகின் அலுமினியத் தொட்டி ஏன் ஓட்டையாகிறது?

அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். பாதி உண்மை. காற்றுப் பட்டதும் அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகும். கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் பெட்ரோல் தொட்டியைத் தளத்துக்கு அடியில் வைத்து, சுற்றிலும் ஃபோம் ஊற்றி அடைத்திருப்பார்கள். ஃபோமுக்கும் தகட்டுக்கும் நடுவே உப்புநீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. அங்கே ஆக்சிஜன் குறைந்துபோக, உப்பிலுள்ள குளோரைடு படலத்தைத் துளைக்கும். படலம் மறுபடி சரியாக மூடாது. தகடோ சில மில்லிமீட்டர்தான்! தொட்டியை வெளியே எடுத்தால் அடிப்பக்கம் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். சுரண்டினால், குண்டூசித் தலையளவில் குழிகள்.

வெல்டிங் வைத்து அடைத்துவிடலாமே? வேண்டாம். காலியான தொட்டிதான் பொல்லாதது: காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீத அளவில் கலந்திருந்தாலே, ஒரு பொறி போதும். தவிர, ஒரு குழி துளையானால் பக்கத்துக் குழிகளும் அதே பாதையில்தான் இருக்கும். புதிதாக மாற்றுவதே சரி.

பாலிஎத்திலீன் தொட்டி துருப்பிடிக்காது. ஆனால் பெட்ரோல் ஊறி சற்று வீங்கும். சுற்றிலும் இடம்விட்டுப் பொருத்துங்கள்.