மனுக் கொடுப்பது கெஞ்சுவது அல்ல

திங்கட்கிழமை காலையில் திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்துக்குச் சென்றால், கையில் மனுவுடன் வரிசையில் நிற்கும் விவசாயிகளைக் காணலாம். மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் இதே காட்சிதான். பயிர்ப் பாதிப்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல நானும் இக்கூட்டங்களுக்குப் போவதுண்டு.

2018-ஆம் ஆண்டு மக்காச்சோளத்தைப் படைப்புழு தாக்கியபோது, அடுத்தடுத்த வயல்காரர்கள் இருவர் மனுக் கொடுத்தனர். இருவருக்கும் ஒரே அளவு சேதம். ஒருவர், பயிர் பாழாகிவிட்டது, ஐயா அவர்கள் கருணை காட்ட வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார். சர்வே எண் இல்லை. எத்தனை ஏக்கர் என்பதும் இல்லை. மற்றவர் சர்வே எண், பரப்பு, விதைத்த தேதி ஆகியவற்றை எழுதி, அடங்கல் நகலையும் இணைத்திருந்தார். அவருடைய வயலைப் பார்வையிட அந்த வாரமே ஆள் வந்தது. முதல் மனு, விவரம் போதாது என்று திரும்பியது.

சொல்லின் பொருள்

மனுவை விண்ணப்பம் என்கிறோம். தெரியப்படுத்துதல் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது இது. பெரியவர்கள் சொல்லும் அர்ஜி, அரபு மூலத்திலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். முன்வைத்தல் என்பது அதன் அடிப்படை. இரண்டிலும் கெஞ்சுதல் என்ற பொருள் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

பாண்டியன் கேட்ட சான்று

நம் பாண்டிய நாட்டிலேயே இதற்குப் பழைய உதாரணம் உண்டு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேள்விக்குடிச் செப்பேடு ஒரு நில வழக்கைக் கூறுகிறது. மதுரையில் பராந்தகன் நெடுஞ்சடையன் என்ற பாண்டிய மன்னனிடம் கொற்கைகிழான் நற்சிங்கன் என்பவர் முறையிட்டார். வேள்விக்குடி என்ற ஊரைப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தம் முன்னோருக்குக் கொடுத்தான்; களப்பிரர் காலத்தில் அது பறிபோயிற்று என்பது அவர் குறை. மன்னன் உடனே கொடுத்துவிடவில்லை. பழைய உரிமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துப் பெற்றுக்கொள் என்றான். அவரும் அவ்வாறே காட்டினார். ஊர் திரும்பக் கிடைத்தது. குறை, சான்று, கேட்கும் தீர்வு ஆகிய மூன்றும் அன்றே இருந்தன.

கம்பெனி ஆட்சியில், வரி வசூலுக்காக விவசாயிகள் அடித்துத் துன்புறுத்தப்பட்டனர். 1852-ல் கஜுலு லட்சுமிநரசு செட்டி முதலானோர் தொடங்கிய சென்னைவாசிகள் சங்கம், விவசாயிகளின் அவலத்தை மனுவாக எழுதி இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. பின்னர் விசாரணைக் கமிஷன் அமைந்தது. வசூலில் சித்திரவதை நடந்தது உண்மையே என 1855-ல் அக்கமிஷனின் அறிக்கை ஒப்புக்கொண்டது.

எழுதும் முறை

1. ஒரு மனுவில் ஒரே குறையை எழுத வேண்டும். பட்டா, பாதை, கடன் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், அது எந்தத் துறைக்கும் முழுமையாகப் போய்ச் சேராது.

2. பெயர், முகவரி, கிராமம், வட்டம், சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு ஆகியவை அவசியம்.

3. என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது என்பதைச் சுருக்கமாக எழுத வேண்டும்.

4. பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றில் தேவையானதன் நகலை இணைக்கலாம். அசல் பத்திரத்தை எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது.

5. என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் தெளிவாகக் கேட்க வேண்டும். "நடவடிக்கை எடுக்கவும்" என்பதைவிட "நிலத்தை அளந்து எல்லை காட்டவும்" என்பது மேல்.

கொடுத்த பிறகு

மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மனு எந்த நிலையில் உள்ளது என்று கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

1985 செப்டம்பர் 15-ல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகும் வரை, கலெக்டரைப் பார்க்க நம் பகுதி விவசாயிகள் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று அலுவலகம் அருகில் இருக்கிறது. ஆனாலும் ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் இழந்துதான் வருகிறோம். வெறுங்கையாகத் திரும்பாமல் இருக்க, புறப்படும் முன்பே அடங்கல் நகலைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. முதல் மனு திரும்பி வந்த அந்த விவசாயியும் அடுத்த கூட்டத்துக்கு அடங்கலோடுதான் வந்தார்.